பழைய வான்படங்களில் நம் மீன்பிடிக் கரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துக் குளக்கரைகளிலும் அணைக்கரைகளிலும் பழைய வான்படங்களைப் பெரிதாக அச்செடுத்து விரித்து வைத்து, அங்கே வலை போடுகிறவர்களோடு உட்கார்ந்து பார்ப்பது சில வருடங்களாக நான் செய்துவரும் வேலை. கூடி நிற்கிறவர்கள் கேட்ட கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் இவை.

கடலே இல்லாத கொங்கு நாட்டில் மீன்பிடிக் கரையைப் பற்றி என்ன ஆராய்ச்சி?

கடல் இல்லை, கரை நிறைய இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்குப் பக்கத்தில் காவிரியில் சேர்கிற நொய்யலை ஒட்டிய குளங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பிரியும் வாய்க்கால் தண்ணீர் கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம் என்று ஒன்றை நிரப்பி அடுத்ததற்குப் போகும்படிதான் வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்புறம் பவானிசாகர் இருக்கிறது, மேட்டூர் இருக்கிறது. இந்த நீர்நிலைகளில் பரிசல் தள்ளிப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. கடற்கரை மணல் அரிந்து போனால் செய்தியாகிறது. குளத்தின் ஒரு மூலை மண் மேடாகி, அங்கே வலை வீச முடியாமல் போனால் வலைக்காரருக்கு மட்டும்தான் தெரிகிறது. அந்த மாற்றத்தை எல்லோர் கண்ணுக்கும் கொண்டுவரப் பழைய படம் உதவுகிறது.

வான்படம் வேறு, செயற்கைக்கோள் படம் வேறா?

ஆமாம். வான்படம் விமானத்தின் அடிவயிற்றில் பொருத்திய கேமரா நேர் கீழே பார்த்து எடுப்பது. வழக்கமான படம் 23 சென்டிமீட்டர் சதுரம். 20,000-க்கு 1 என்ற அளவில் எடுத்திருந்தால் படத்தில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 20 மீட்டர். ஒரே படத்தில் பக்கத்துக்கு நாலரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான சதுரப் பரப்பு அடங்கிவிடும். விமானம் போகிற திசையில் ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மேல் சுமார் 60 சதவீதம் படியும்படி எடுப்பார்கள். அப்படி அடுத்தடுத்த இரண்டு படங்களை இரட்டைக் கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தால் குளக்கரை மேடாக எழுந்து நிற்கும், வாய்க்கால் பள்ளமாக இறங்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் கையை நீட்டித் தொடப் போவார்கள்.

செயற்கைக்கோள் படம் பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருவது. பேச்சுவழக்கில் இரண்டையும் வான்படம் என்றே சொல்லிவிடுகிறோம். இங்கேயும் தேவையான இடத்தில் மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

பழைய படம் சாதாரண மக்களுக்குக் கிடைக்குமா?

இந்திய நில அளவைத் துறை எடுத்த பழைய விமானப் படங்கள் பாதுகாப்புக் கட்டுப்பாட்டில் இருப்பவை. உரிய அனுமதி இல்லாமல் கிடைக்காது. நம்மைப் போன்றவர்களுக்குத் திறந்திருக்கும் கதவு வேறு.

1960 முதல் 1972 வரை அமெரிக்கா 'கரோனா' என்ற பெயரில் உளவுச் செயற்கைக்கோள்களை அனுப்பியது. (பின்னால் வந்த நோய்க்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒரு தொடர்பும் இல்லை.) அந்தக் காலத்தில் விண்ணிலிருந்து படத்தைத் தரமாக அனுப்ப வழி இல்லாததால் படச்சுருளையே ஒரு கூட்டில் வைத்துக் கீழே தள்ளிவிடுவார்கள். அது பாராசூட்டில் இறங்கும்போது விமானம் கொக்கி போட்டு நடுவானில் பிடித்துவிடும். 1995-ல் இந்தப் படங்களின் ரகசியத் தடையை நீக்கினார்கள். மொத்தம் 8 லட்சத்துக்கும் மேல். கடைசிக் காலக் கேமராக்கள் தரையில் இரண்டு மீட்டர் அளவுள்ள பொருளைக்கூடப் பிரித்துக் காட்டின. நம் ஊர்ப் பக்கமும் இதில் அடக்கம்.

அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் 'எர்த் எக்ஸ்ப்ளோரர்' தளத்தில் போய் உங்கள் ஊரைக் குறித்தால், அந்த இடத்துக்கு இருக்கும் படங்களின் பட்டியல் வரும். ஏற்கெனவே ஸ்கேன் செய்ததை இலவசமாக இறக்கலாம். செய்யாததற்கு ஒரு படத்துக்கு 30 டாலர் கேட்கிறார்கள். ஒரு கிராமத்துக் குளத்துக்கு ஒரு படம் போதும் என்பதால் நாலு பேர் சேர்ந்தால் பாரமில்லை.

1972-லிருந்து அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் வருகின்றன. முதலில் கொஞ்சம் மங்கல், படத்தின் ஒரு புள்ளி தரையில் 80 மீட்டர். 1982-லிருந்து 30 மீட்டர். முழுத் தொகுப்பும் 2008 முதல் இலவசம். 2015-லிருந்து ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் பத்து மீட்டர் துல்லியத்தில் தருகிறது. நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ்-1ஏ என்ற படமெடுக்கும் செயற்கைக்கோள் 1988-ல் ஏறியது. இஸ்ரோவின் 'புவன்' தளத்தையும் பாருங்கள்.

பவானிசாகர் கட்டுவதற்கு முன்பு எடுத்த படம் இருக்கிறதா?

அணை வேலை 1948-ல் ஆரம்பித்து 1955-ல் முடிந்தது. கரோனா வந்தது அதற்குப் பிறகு. அதனால் அணைக்கு முந்தைய நிலத்துக்கு நாம் பழைய நில அளவை வரைபடங்களைத்தான் நம்ப வேண்டும். ஆனால் வரைபடத்தில் அச்சான வருடமும் அளந்த வருடமும் வேறு வேறாக இருக்கும். அச்சான வருடம் 1950-களாக இருந்தாலும் அளந்தது பல பத்தாண்டுகளுக்கு முந்தி என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் யாரும் வேலையைத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் எது குளம், எது வயல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிதானமாகப் பார்த்தால் பழகிவிடும். ஆழமான தெளிந்த தண்ணீர் கறுப்பாக விழும். கலங்கல் தண்ணீரும் ஆழமில்லாத தண்ணீரும் சாம்பல் நிறம். வெயில் நேராகப் பட்டுத் தெறித்தால் அதே தண்ணீர் வெள்ளையாகப் பளபளக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் அதை மணல்திட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். காய்ந்த மண் வெளிர். தென்னந்தோப்பு சீராகப் புள்ளி வைத்த கோலம் மாதிரி இருக்கும். காட்டு வயலின் நடுவே கறுப்பாக ஒரு கட்டம் தெரிந்தால் அது கிணறு. நம் பக்கத்துக் கிணறுகள் அகலமாகச் சதுரமாக வெட்டியவை என்பதால் விண்ணிலிருந்தும் ஏமாற்றாது.

கோவை நகரத்து வாலாங்குளத்தை எடுத்துக்கொள்ளலாம். என் மேசையில் இருக்கும் கரோனா படத்தில் அது கட்டைவிரல் நகத்தளவு கறுப்புத் திட்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்தால் அந்தக் கறுப்பை ஒரு வெளிர்க் கோடு அறுத்துக்கொண்டு போகிறது. அளவுகோல் வைத்து இழுத்ததுபோல நேராக ஓடி, குளத்தைத் தாண்டியதும் மெதுவாக வளைகிறது. இப்படி வளைவது ரயில் பாதை மட்டும்தான். மாட்டு வண்டித் தடம் சட்டென்று முறியும், வாய்க்கால் மேட்டை ஒட்டி நெளியும். போத்தனூரிலிருந்து கோவை வரும் பாதை அது. இன்றைய படத்தைப் பக்கத்தில் வைத்தால் குளத்தின் குறுக்கே சுங்கம் புறவழிச்சாலையும் ஓடுகிறது. பழைய படத்தில் அது இல்லை. அன்றைக்கு ஒரே தண்ணீராக இருந்த இடம் இன்றைக்குத் துண்டு துண்டாக இருக்கிறது. சாலைக்கு அடியில் எத்தனை குழாய் போட்டு இரண்டு பக்கத் தண்ணீரையும் இணைத்திருக்கிறார்கள் என்பது படத்தில் தெரியாது. இறங்கிப் போய்த்தான் எண்ண வேண்டும்.

பரிசல் தெரியுமா?

தெரியாது. 20,000-க்கு 1 படத்தில் இரண்டு மீட்டர் பரிசல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பரிசலைக் கவிழ்த்து வைக்கும் துறையும் அதற்கு வரும் ஒற்றையடிப் பாதைகளும் தெரியும். பல பாதைகள் தண்ணீரை நோக்கி விசிறி மாதிரி ஒரே இடத்தில் கூடினால் அங்கே ஒரு துறை இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அன்றைய தண்ணீர் விளிம்பையும் இன்றைய விளிம்பையும் வரைந்து ஒப்பிட்டால் குளம் எவ்வளவு சுருங்கியது என்று தெரிந்துவிடாதா?

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு குளத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பாதிக் குளம் போய்விட்டது என்று கரையில் கூடியிருந்தவர்களிடம் சொன்னேன். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, இது எந்த மாசத்துல புடிச்சதுங்க?" என்று கேட்டார். பழையது மழை முடிந்த கையோடு எடுத்தது. புதியது ஏப்ரல். "சித்திரையில எங்க அய்யன் காலத்துலயும் இந்தப் பக்கம் மாடு மேஞ்சுதுங்" என்றார். நான் காட்டிய சுருக்கத்தில் பெரும்பகுதி வெறும் கோடை. அன்றைக்கு அவர் கேட்காமல் இருந்திருந்தால் அந்தத் தவறான கணக்கு ஒரு மனுவில் ஏறியிருக்கும்.

தண்ணீர் விளிம்பு தினமும் நகர்கிறது. குளத்தின் உள்வாய் (தண்ணீர் நிற்கும் தரை) நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று சரிந்தால், மட்டம் ஒரே ஒரு மீட்டர் இறங்கினாலும் விளிம்பு நூறு மீட்டர் பின்வாங்கும். நகராதவற்றைப் பாருங்கள்: மண்கரை, மதகு, மிகுநீர் வழியும் கலிங்கு, வரத்து வாய்க்கால் குளத்தில் சேரும் வாய். இவை இடம் மாறியிருந்தால், காணாமல் போயிருந்தால், நடுவில் ஒரு சுவரோ சாலையோ வந்திருந்தால் அது உண்மையான மாற்றம். வரத்து வாய்க்காலை மட்டும் பிடித்துக்கொண்டு படத்தில் மேல்நோக்கிப் போய்ப் பாருங்கள். குளம் அப்படியே இருந்து, அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால் மட்டும் வீட்டுமனைக்குள் மறைந்திருக்கும் இடங்கள் எத்தனை என்று பார்த்தால் மனசு கனத்துப்போகும்.

பவானிசாகர், மேட்டூர் மாதிரி பெரிய அணைகளில் என்ன செய்வது? அங்கே குளம் மாதிரி சுற்றி மண்கரை இல்லையே?

அங்கே நீர்மட்டம்தான் துணை. பவானிசாகரின் முழு மட்டம் 105 அடி, மேட்டூர் 120 அடி. அன்றாட மட்டம் செய்தித்தாளில் வருகிறது. ஒரே மட்டம் இருந்த இரண்டு நாட்களின் படங்களை, ஒன்று பழையது ஒன்று புதியது, தேடி எடுங்கள். இரண்டு நாளும் தண்ணீர் 70 அடி என்றால் இரண்டு படத்திலும் விளிம்பு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். எங்கே உள்ளே தள்ளியிருக்கிறதோ அங்கே மண் படிந்திருக்கிறது.

இதையே இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். அணை நிறைந்தது முதல் வற்றுவது வரை பல மட்டங்களில் படம் எடுத்து ஒவ்வொன்றின் விளிம்பையும் வரைந்தால், ஒவ்வொரு கோடும் ஒரு சம உயரக் கோடு. அடுக்கி வைத்தால் தண்ணீருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தின் வடிவமே கிடைத்துவிடும். படகில் போய் ஆழம் பார்க்காமலே வண்டல் எங்கே சேர்கிறது என்று தோராயமாகச் சொல்லலாம். ஆனால் கோடையில்கூட வற்றாத அடிப்பகுதியை இந்த முறை தொடாது. பவானியும் மாயாறும் அணைக்குள் நுழையும் தலைப்பகுதியைக் கவனித்துப் பாருங்கள். ஓடி வந்த தண்ணீர் வேகம் குறைந்து சுமையை முதலில் இறக்குவது அங்கேதான்.

மக்களிடம் இருக்கும் அளவுகோல்கள் இன்னும் பழையவை. பவானிசாகரில் தண்ணீர் நன்றாக இறங்கினால், அணைக்குள் மூழ்கிய டணாயக்கன் கோட்டையின் மாதவராயப் பெருமாள் கோயில் தலைகாட்டும். மேட்டூரில் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் வெளியே வரும். அங்கே வலை போடுகிறவர்கள் மட்டத்தை அடியில் சொல்வதைவிட "நந்தி தெரியுது" என்று சொல்வதை நான் அதிகம் கேட்டிருக்கிறேன். பழைய படத்தில் தேதி மட்டும் இருந்து மட்டம் தெரியாதபோது, கோயில் வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று பார்த்து மட்டத்தைக் கணித்துக்கொள்ளலாம்.

இரண்டு காலத்துப் படங்களை எப்படிச் சரியாகப் பொருத்துவது?

கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். இரண்டு படத்திலும் இருக்கிற, இடம் மாறாத புள்ளிகளைப் பிடிக்க வேண்டும்: கோயில் கோபுரம், ரயில் பாலத்தின் முனை, பழைய கிணற்றின் மூலை, மதகு. பத்துப் புள்ளியாவது வேண்டும். எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கக் கூடாது. குளத்தைச் சுற்றி நாலு திசையிலும் இருக்கட்டும். கரோனா கேமரா பக்கவாட்டில் சுழன்று நீளப் பட்டையாக எடுத்தது என்பதால் பட்டையின் இரண்டு முனையிலும் தரை இழுபட்டுத் தெரியும். உங்கள் ஊர் பட்டையின் நடுவே விழுந்திருந்தால் நல்லது. பொருத்திய பிறகும் பத்து மீட்டர் பிசகு நின்றால், பத்து மீட்டருக்குக் குறைவான எந்த மாற்றத்தையும் பற்றிப் பேசாமல் இருப்பதே நேர்மை.

கடற்கரையிலும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்றுதான். அங்கே விளிம்பை நகர்த்துவது ஓதமும் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) அலையும். தமிழகக் கரையில் ஓத ஏற்ற இறக்கம் பெரிதில்லை, ஆனால் மணல் சரிவு மென்மையாக இருந்தால் அரை மீட்டர் ஏற்றமே இருபது முப்பது மீட்டர் நகர்த்திவிடும். அதனால் ஈர மணலின் விளிம்பை விட்டுவிட்டு, உயர் ஓதத்தின் தடத்தையோ செடி கொடி தொடங்கும் கோட்டையோ எடுப்பார்கள்.

கிழக்குக் கரையில் மணல் வருடத்தின் நிகரக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே ஒரு தடுப்பைப் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த பிறகு மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்ததும் இதனால்தான். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகம் வந்தபின் நகரத்துக் கடற்கரை மணலை இழந்தது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி திடீர் மாற்றத்துக்கு உதாரணம். அங்கேயெல்லாம் படகை ஏற்றி வைக்கவும் கரைவலை இழுக்கவும் மணல் வேண்டும். மணல் போனால் தொழில் போகிறது. நம் குளத்தில் வரத்து வாய்க்கால் போனால் நடப்பதும் அதேதான்.

மீன் குறைந்ததா கூடியதா என்று படம் சொல்லுமா?

சொல்லாது. ஒரத்துப்பாளையம் அணையைப் பாருங்கள். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டி 1992-ல் முடித்தார்கள். அதற்குப் பிந்தைய லேண்ட்சாட் படத்தில் அழகான கறுப்புத் தண்ணீர் தெரியும். அந்தத் தண்ணீரில் திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்து மீனும் செத்தது, கீழே பயிரும் போனது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அந்த விவகாரம் வளர்ந்தது. படத்தைப் பார்த்தால் அதில் எதுவும் தெரியாது. நல்ல தண்ணீரும் கெட்ட தண்ணீரும் ஒரே கறுப்பு.

மீன் வாழும் இடத்தைப் பற்றி மட்டும் படம் கொஞ்சம் பேசும். 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் ஆழமில்லாத ஓரத்தில் வட்டக் குழி பறித்து முட்டையிடும். தண்ணீர் இறங்கிய ஓரச் சேற்றில் தட்டுத் தட்டாக அந்தக் குழிகள் வரிசையாக இருப்பதை நடந்துபோகும்போதே பார்க்கலாம். கட்லாவும் ரோகுவும் தேங்கிய நீரில் முட்டையிடாது, ஓடும் வெள்ளம் வேண்டும். அதனால்தான் குஞ்சு வாங்கி விடுகிறார்கள். ஓரத்தை மண் கொட்டி உயர்த்தி நடைபாதை போட்ட குளத்தில் அந்த ஆழமில்லாத பகுதி எவ்வளவு போனது என்று பழைய படத்தை வைத்து அளக்கலாம். அழகுபடுத்தும் திட்டம் போடுகிறவர்கள் இதை ஒருமுறையாவது அளந்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆகாயத்தாமரையைக் கண்டுபிடிக்க முடியுமா?

கறுப்பு வெள்ளையில் கரைப் புல்லோடு குழம்பும். அகச்சிவப்புப் பட்டை இருக்கும் படத்தில் செடி பளிச்சென்று சிவப்பாகவும் தண்ணீர் கறுப்பாகவும் விழும். பத்து நாள் இடைவெளியில் இரண்டு படம் எடுங்கள். சிவப்புத் திட்டு காற்றடித்த பக்கம் ஒதுங்கியிருந்தால் மிதக்கும் செடி. அசையாமல் இருந்தால் அங்கே தரை மேடாகியிருக்கலாம்.

ஆக்கிரமிப்பு வழக்கில் இதைக் காட்டலாமா?

துணைச் சான்றாகக் காட்டலாம். எல்லையை முடிவு செய்வது வருவாய்த் துறையின் நில ஆவணங்களான புல வரைபடமும் அ-பதிவேடும்தான். ஏரி குளங்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தமிழகச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. அதன்படியும் எல்லையை நில அளவை செய்தே குறிக்க வேண்டும். படத்தைக் கொடுக்கும்போது எடுத்த தேதி, பொருத்திய பிசகு எத்தனை மீட்டர் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

ட்ரோன் வைத்து நாமே எடுத்தால் என்ன?

எடுக்கலாம், அனுமதி பார்த்து. சூலூர் விமானப்படைத் தளமும் பீளமேடு விமான நிலையமும் பக்கத்தில் இருப்பதால் கோவைச் சுற்றுவட்டாரத்தில் பல இடம் கட்டுப்பாட்டுப் பகுதி. 2021 ட்ரோன் விதிகளின்படி, ட்ரோன் பறக்கும் பகுதிகளை நிறம் பிரித்துக் காட்டும் அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் உங்கள் குளம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மீனவர்களிடம் படத்தைக் காட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

செல்போனில் காட்டாதீர்கள். நாலு பேர் சுற்றி உட்காரும் அளவுக்குப் பெரிதாக அச்செடுங்கள். காலையில் மீனை எடை போட்டு முடித்த பிறகு போனால் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். வடக்கு திசையை மேலே வைக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். அவர்கள் நிற்கும் கரை அவர்கள் பக்கம் வரும்படி திருப்பி வையுங்கள். நீங்கள் எதையும் முதலில் சுட்டிக் காட்டாதீர்கள். இது என்ன இடமாக இருக்கும் என்று மட்டும் கேளுங்கள். மதகையும் பெரிய புளியமரத்தையும் அவர்களே கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் பேச்சு தானாக ஓடும்.

சூலூர்ப் பக்கம் ஒரு தடவை, படத்தில் நான் வெறும் கறை என்று விட்டிருந்த ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியில் ஒரு அம்மா விரலை வைத்தார். "இது கெணறுங்க. கொளத்துக்குள்ளயே இருந்துச்சு. தண்ணி வத்துனா அதுல எறங்கித்தான் மீன் புடிப்போம்" என்றார். அந்தக் கிணறு இருந்த இடம் இப்போது மேடு. அவர் சொன்ன இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, தேதியையும் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.